படித்ததால் தீரவில்லை



போன மாதம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். பொதிகை எக்ஸ்பிரஸ் விடிகாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கும்போது, ஆண்டாள் பிறந்த ஊரில் நாச்சியார் திருமொழி படிக்க வேண்டும் என்று ஓர் ஆசை. கிளம்பும் அவசரத்தில் மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் நூற்றுக்கு மேல் ரீடரில் ஏற்றிக்கொண்டேன். 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்கள் சேர்த்துவரும் செல்வம் அது. ஒன்று போதும் என்று கை நிற்குமா?

சிவகாசி தாண்டி எடுத்துப் பார்த்தால் பேட்டரி காலி. பாதி சார்ஜ் இருந்ததே! சார்ஜ் இல்லை என்று சொல்லும் படம் மட்டும், ராஜபாளையத்தில் இறங்கும்வரை திரையில் நின்றது.

உயிரில்லாத கருவியில் படம் மட்டும் எப்படி நிற்கிறது? அதில்தான் சூட்சுமம். ரீடரின் மின்மை (இ-இங்க்) திரைக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. பக்கம் திருப்பும்போது மின்சாரம் அவற்றை இடம் மாற்றும். அப்புறம் அவை அங்கேயே நிற்கும். ஒரே பாசுரத்தில் அரை மணி நேரம் லயித்தாலும் திரைக்குச் செலவில்லை.

என் பேட்டரியைத் தின்றது படிப்பல்ல, ஏற்றிய ஆசை. புதுப் புத்தகம் வந்ததும், பின்னால் நாம் சொல் தேடுவதற்காக, கருவி அதற்குச் சொல்லடைவு தயாரிக்கிறது. நூறு புத்தகத்துக்கும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தயாரித்திருக்கிறது, பாவம். போதாததற்கு வைஃபையையும் நான் அணைக்கவில்லை. மொபைல் டவரோடு பேசும் ரகமாக இருந்தால் இன்னும் மோசம். ராஜபாளையம் அய்யனார் கோயில் பக்கம்போல் மலையடிவாரத்தில் சிக்னல் மெலிய மெலிய, அது குரலை உயர்த்திக் கத்தும்.

விளம்பரத்தின் பொடி எழுத்தையும் படியுங்கள். 2021-இல் வந்த கிண்டில் பேப்பர்ஒயிட்டுக்கு சார்ஜ் 10 வாரம் தாங்கும் என்றார்கள்: தினம் அரை மணி வாசிப்பு, வயர்லெஸ் அணைப்பு, விளக்கு 13-ஆம் அளவில். கூட்டினால் 35 மணி நேரம்.

திரும்பும்போது கல்யாண வீட்டிலேயே முழு சார்ஜ் ஏற்றி, ஃபிளைட் மோடில் போட்டுவிட்டேன். விளக்கும் பாதிதான். சென்னை எழும்பூரில் இறங்கும்போது சார்ஜ் அப்படியே இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாதான் விருதுநகர் தாண்டவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்