வீட்டில் ஒரு சர்வர்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

பொழுதுபோக்கு என்ன என்று கேட்பவரிடம் அஞ்சல்தலை சேர்க்கிறேன், தோட்டம் போடுகிறேன் என்றால் தலையாட்டிவிட்டுப் போவார். 'வீட்டில் சர்வர் வைத்திருக்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். காபி கொண்டுவந்து வைக்கும் சர்வர்தான் முதலில் அவர் நினைவுக்கு வருவார். பெயர் பொருத்தமானதே. மேசையில் கேட்டதை உள்ளே சென்று எடுத்துவருவது அவர் வேலை. மற்றொரு கணினியோ கைப்பேசியோ கேட்கும் கோப்பை எடுத்துத் தருவது இதன் வேலை. இரவு பகல் இரண்டிலும் இது விழித்திருக்க வேண்டும், அவ்வளவே. இப்படி ஒன்றிரண்டு கணினிகளை வீட்டில் ஓடவிட்டு, பிரித்தும் மாற்றியும் சோதித்துப் பார்ப்பதை 'ஹோம் லேப்' என்கிறார்கள்.

இது பணம் படைத்தோர் விளையாட்டு என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. படங்களில் காணும் இரும்பு அடுக்குகளும் மினுக்கும் விளக்குகளும் செய்த வேலை அது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் அண்ணன்மார்களும் அக்காமார்களும் பெற்றவை எத்தனை வீட்டுப் பரணில் தூங்குகின்றன! என் சர்வர் அப்படி அக்காவிடமிருந்து வந்ததுதான். திரையில் பாதி கறுத்துவிட்டது. சர்வருக்குத் திரை எதற்கு? பேட்டரி அரை மணிதான் தாங்கும். எங்கள் ஊர் மின்தடைக்குப் பெரும்பாலும் அது போதும். (பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் பயன்படுத்தலாகாது. தீப்பற்றும்.)

மின்கட்டணம் என்ன ஆகும் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மடிக்கணினி 15 வாட் இழுத்தால் இரு மாதத்திற்கு 21.6 யூனிட். அதே வேலையை 70 வாட் இழுக்கும் பழைய மேசைக் கணினியிடம் கொடுத்தால் 100.8 யூனிட். 2016இல் வீடுகளுக்கு அறிவிக்கப்பட்ட இரு மாத இலவச 100 யூனிட்டையும் அது ஒன்றே விழுங்கிவிடும். பரணிலிருந்து எதை இறக்குவது என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் என் கருத்து செலவைப் பற்றியதன்று. இயற்பியல் ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டரை நம் கையாலேயே சமன் செய்கிறோம். வேதியியல் மாணவர் உப்பைத் தாமே பகுத்தறிகிறார். கணினிக் கூடத்தில் மட்டும் நிர்வாகியின் கடவுச்சொல் நம் கைக்கு வருவதில்லை. வரவும் கூடாது, நாற்பது பேர் பயன்படுத்தும் கருவியை ஒருவர் கலைத்துப்போட எந்த ஆசிரியர் இசைவார்? அதனால் கணினியின் உட்பகுதி நமக்குப் படமாகவும் குறிப்பாகவுமே நின்றுவிடுகிறது. கலைத்துப் போட்டு மறுபடி கட்ட நமக்கென்று ஒரு கணினி வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஐ.பி. முகவரி 32 பிட் கொண்டது என்பது இரண்டு மதிப்பெண் வினா. நானும் எழுதியிருக்கிறேன். கல்லூரியிலிருந்து வீட்டுச் சர்வரைத் தொட முயன்றபோதுதான் அந்த விடை உயிர் பெற்றது. 32 பிட் என்றால் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். உலக மக்கள் தொகையோ 800 கோடியைத் தாண்டிவிட்டது. ஆகவே இணைய நிறுவனம் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தட்டினால், எந்த வீட்டுக் கதவு என்று அங்கே தெரியாது. 128 பிட் முகவரியை ஏன் வகுத்தார்கள், வயர்கார்டு போன்ற மென்பொருள் இரு கணினிகளுக்கிடையே எப்படி மறைவழி அமைக்கிறது என்பதெல்லாம் அதன்பின் மூன்று வார மாலைகளில் படித்தவை. தேர்வுக்காகப் படித்திருந்தால் ஒரு மாலையோடு விட்டிருப்பேன்.

1991இல் லினக்ஸை எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். அதை வெறும் பொழுதுபோக்கு என்றுதான் உலகுக்கு அறிவித்தார். என் மடிக்கணினியில் இருக்கும் டெபியனை 1993இல் தொடங்கிய இயன் மர்டாக்கும் மாணவரே.

எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துக்கொள்வோம் என்று முழங்குவோருடன் நான் சேரமாட்டேன். மின்னஞ்சலை வீட்டிலிருந்து நடத்துவது வீண் தொல்லை. வீட்டு இணைப்பிலிருந்து வரும் கடிதங்களைப் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் குப்பை என்று தள்ளிவிடுகின்றன. புகைப்படங்களின் நிலை வேறு. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் வரம்பற்ற இலவச இடத்தை நிறுத்தியது. அவர்கள் இடம், அவர்கள் விதி, குறைசொல்ல ஏதுமில்லை. எங்கள் வீட்டுப் படங்கள் இப்போது நெக்ஸ்ட்கிளவுட் வழியாகச் சர்வரில் சேர்கின்றன. ஒரு நகல் தனி வட்டில். இன்னொரு நகல் வேறு ஊரில் சித்தி வீட்டு அலமாரியில். தீயோ வெள்ளமோ இரண்டு ஊருக்கும் ஒரே நாளில் வருவது அரிது. கிவிக்ஸ் என்னும் மென்பொருளால் தமிழ் விக்கிப்பீடியாவையும் இறக்கி வைத்திருக்கிறேன். கைப்பேசியில் டேட்டா தீர்ந்த நாளில் பக்கத்து வீட்டுத் தம்பி எங்கள் திண்ணைக்கு வருவது அதற்காகத்தான்.

நம் கல்லூரியின் பழைய கணினிகள் கழிக்கப்பட்டு ஏலத்திற்குப் போகும்போது, இரண்டை மட்டும் மாணவர்களுக்கென நிறுத்திவைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வீட்டில் பரணும் மடிக்கணினியும் இல்லாத நண்பர்கள் நம்மில் பலர். கல்லூரி வலைப்பின்னலோடு சேர்க்காமல், ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் தனியே ஓடட்டும். நிர்வாகியின் கடவுச்சொல் மாணவர் கையில் இருக்கட்டும். கெட்டுப்போனால் நாங்களே மறுபடி நிறுவுவோம். பழைய வினாத்தாள்களையும், நூலகத்தில் ஓரம் மஞ்சளித்துக் கிடக்கும் இம்மலரின் முந்தைய இதழ்களையும் படமெடுத்து அதில் ஏற்றும் வேலைக்கு இப்போதே நால்வர் பெயர் தந்திருக்கிறோம். அறையின் ஒரு மூலையும் ஒரு மின்செருகு துளையும் கிடைத்தால் வரும் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.