பாதிப் பருவத்தில் கண்டுமுதல் கேட்காதீர்

ஒவ்வோர் ஆண்டும் சித்திரை மாதத்து வெயில் ஏறும்போது இந்தச் சடங்கும் தவறாமல் நடந்தேறுகிறது. ஐ.பி.எல். போட்டிகள் பாதியைத் தாண்டியதும் இரண்டு பட்டியல்கள் வெளிவரும். எதிர்பாராமல் எழுந்து நின்றவர்கள் ஒரு பக்கம், நம்பியவரை ஏமாற்றியவர்கள் மறுபக்கம். நாளேடுகள் போடும், தொலைக்காட்சி போடும், தஞ்சாவூர்ப் பழைய பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடை பெஞ்சில் அமர்ந்திருக்கும் நானும் நீங்களும் போடுவோம். புத்தகம் பேசுகிற இடத்தில் மட்டையும் பந்தும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: மனிதரை மனிதர் அவசரமாக எடைபோடுவதைப் பற்றியது இது. அது இலக்கியத்துக்கு வெளியே உள்ள சங்கதியன்று.

இந்தப் பட்டியல்களின்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் எளிய கணக்கு. ஐ.பி.எல்.லில் ஓர் அணிக்கு முதற்சுற்றில் 14 ஆட்டங்கள். பாதி என்றால் 7. அமெரிக்கப் பேஸ்பாலில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. பாதி என்றால் 81. அத்தனை நீண்ட பருவத்திலேயே இடைக்காலத் தீர்ப்புகள் பொய்த்துப் போகின்றன. 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி முதல் 50 ஆட்டங்களில் 31-இல் தோற்றது. அவ்வாண்டின் உலகத் தொடர்ப் பட்டத்தை வென்றதும் அதே அணிதான். 81 ஆட்டங்களுக்கே இந்தக் கதி என்றால் வெறும் 7 எம்மாத்திரம்? நம் ஊர்க் கதையும் இதுவே. 2010-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் முதல் 7 ஆட்டங்களில் ஐந்தைத் தோற்றது. அணியின் கதை முடிந்தது என்று எழுதாதவர் குறைவு. ஏப்ரல் 25 அன்று மும்பையை வீழ்த்தி முதன்முறையாகக் கோப்பையைத் தூக்கியதும் அவ்வணியே. அந்தப் பருவத்தின் நடுவில் ஆடும் பதினொருவரிலிருந்து விலக்கப்பட்டுப் பிறகு திரும்பி வந்தவர்களில் ஓர் இளைஞர் இருந்தார். பெயர் ரவிச்சந்திரன் அஸ்வின்.

எங்கள் பெரியப்பா கிரிக்கெட் பார்த்தவரல்லர். ஆனால் இந்த விஷயத்தில் என் ஆசான் அவர்தான். சிறுவனாக அவரோடு வரப்பில் நடக்கையில் பக்கத்து வயல் கருகருவென்று நிற்பதைக் காட்டி, "அவங்க வயல்தான் பெரியப்பா நல்லா இருக்கு" என்றேன். "நட்டு நாப்பது நாள்ல கண்டுமுதல் சொல்றவன் வெவசாயி இல்லடா" என்றார். யூரியாவை அள்ளிக் கொட்டினால் பயிர் அப்படித்தான் கறுத்து நிற்கும். கதிர் கனக்கையில் ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும் என்று விளக்கினார். நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட பயிர் முதல் சில நாள் வெளிறித்தான் கிடக்கும். வேர் பிடித்த பிறகே பச்சை கட்டும். அந்த வெளிறலைக் கண்டு எவரும் வயலை உழுதுவிடுவதில்லை. நெல்லுக்கு நாம் காட்டும் இந்தப் பொறுமையை மனிதனுக்குக் காட்டத் தவறுகிறோம் என்பதே என் ஆதங்கம்.

நான் தவறிய கதையையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனைப் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமான 2015-இலேயே பந்து வீசும் முறை ஐயத்துக்குரியது என்று சொல்லப்பட்டு, அதைத் திருத்திக்கொண்டு மீண்டு வந்தவர் அவர். அந்தப் பருவத்தில் 6 ஆட்டங்கள், 2 விக்கெட்டுகள். "மூன்று கோடி வீண்" என்று தேநீர்க் கடையில் தீர்ப்பு எழுதியவர்களில் நானும் ஒருவன். அடுத்த ஆண்டு ஐதராபாத் அணி 40 இலட்சத்துக்கு எடுத்து, இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டம்கூடத் தராமல் வெளியே உட்கார வைத்தது. 2020-இல் வாய்ப்பு வந்தது. 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகள். யார்க்கர் என்ற சொல்லையே அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லத் தொடங்கினோம். "யாரும் எதிர்பாராத வரவு" என்றன பட்டியல்கள். எதிர்பாராதவர்கள் நாம்தான். மூன்று ஆண்டுகளாக அவர் அதே பந்தைத்தான் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். நாம் பார்க்கவில்லை. நம் கவனக்குறைவுக்கு நாமே சூட்டிக்கொண்ட கௌரவமான பெயர்தான் 'ஆச்சரியம்'.

ஏமாற்றம் என்கிறோமே, அது பெரும்பாலும் விலைச்சீட்டின் வேலை. 2025-இல் ரிஷப் பந்த்தை லக்னோ 27 கோடிக்கும், வெங்கடேஷ் ஐயரைக் கொல்கத்தா 23.75 கோடிக்கும் எடுத்தன. முன்னவர் 269 ஓட்டங்கள், பின்னவர் 142. அவ்வாண்டின் ஏமாற்றப் பட்டியல்களில் இவ்விரு பெயர்களும் தலைப்பில் நின்றன. ஏலத்தில் கையை உயர்த்தியவர் அவர்களல்லர். இரண்டு முதலாளிகளின் போட்டியில் ஏறிய விலைக்கு ஆட்டக்காரன் வட்டி கட்ட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இதன் மறுபுறத்தையும் பாருங்கள். சாய் சுதர்சனைக் குஜராத் அணி 2022-இல் எடுத்தது 20 இலட்சத்துக்கு. 2023-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஏலத்தில் கோவை அணி அவருக்குத் தந்தது 21.6 இலட்சம், ஐ.பி.எல். விலையைவிட அதிகம்! அவ்வாண்டு ஐ.பி.எல். இறுதியாட்டத்தில் சென்னைக்கு எதிராக 47 பந்துகளில் 96 அடித்தார். 2025-இல் 759 ஓட்டங்களோடு ஆரஞ்சுத் தொப்பியும் அவருக்கே. மலிவாக வந்தவன் ஆடினால் ஆச்சரியம், விலை உயர்ந்தவன் தடுமாறினால் ஏமாற்றம் என்று நாம் எழுதுவது ஆட்டத்தைப் பற்றி அன்று, சந்தையைப் பற்றி.

இந்த இரண்டு பட்டியல்களும் தனித்தனியானவை என்பது இன்னொரு மயக்கம். பெரும்பாலும் ஒரே கதவின் இரண்டு பக்கங்கள் அவை. 2020 அக்டோபரில் ஆஸ்திரேலியா செல்லும் இந்திய இருபது ஓவர் அணியில் வருண் சக்கரவர்த்தி பெயர் இருந்தது. 2019-இல் 8.4 கோடிக்குப் போய், ஆடிய ஒரே ஆட்டத்தின் முதல் ஓவரில் 25 ஓட்டங்கள் கொடுத்துப் பரிகசிக்கப்பட்டவர், அடுத்த ஆண்டே எழுந்து வந்திருந்தார். தோள்பட்டைக் காயம் குறுக்கிட்டது. அவருடைய இடத்தில் சேர்க்கப்பட்டவர், வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்கென்று தேர்வாகியிருந்த நடராஜன். ஒருவருடைய இழப்பின் வழியாகத்தான் மற்றவருடைய அதிசயம் உள்ளே நுழைந்தது. 2025-இல் சென்னை அணியிலும் இதையே கண்டோம். தமிழ்நாட்டு இடக்கை வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங் ஓர் ஆட்டமும் ஆடாமல் காயத்தால் வெளியேறினார். அந்த இடத்துக்கு வந்த டெவால்ட் பிரெவிஸ் 6 ஆட்டங்களில் 225 ஓட்டங்கள் அடித்தார். பிரெவிஸைக் கொண்டாடிய நாம், குர்ஜப்னீத்தை ஒரு வரியில்கூட நினைக்கவில்லை.

2021-ஆம் ஆண்டுப் பொங்கலை இந்த வட்டாரத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அறுவடைக்குக் காத்திருந்த சம்பாவும் தாளடியும் தை பிறக்கும் வேளையில் பெய்த பருவம் தப்பிய மழையில் சாய்ந்து, தண்ணீரிலேயே முளைவிட்டுக் கிடந்தன. மாட்டுப் பொங்கலன்று விடியற்காலையில், பிரிஸ்பேனில் நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் ஒருசேர டெஸ்ட் வாழ்வைத் தொடங்கினார்கள். முதல் இன்னிங்சில் ஆளுக்கு 3 விக்கெட்டுகள். சுந்தர் 62 ஓட்டங்களும் எடுத்தார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமான முதல் வீரர் நடராஜன். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு காது வானொலியில் இருந்தது. மறு காது மழையில். அன்று பெரியப்பா, "அந்தப் பையனுக்கு வெளஞ்சிருக்கு, நமக்கு இல்ல. அடுத்த போகம் பாப்போம்" என்றார். அவர் குரலில் பொறாமையும் இல்லை, பெரிய துயரமும் இல்லை. உழைப்பவர் கையில் இருப்பது பாதிதான் என்று அறிந்தவரின் நிதானம் அது.

அடுத்த போகங்களும் அப்படித்தான் வந்தன. நடராஜனை முழங்கால் காயம் பிடித்தது. 2024-இல் 19 விக்கெட்டுகளோடு மீண்டார். 2025-இல் டெல்லி அணி 10.75 கோடிக்கு எடுத்து, இரண்டே ஆட்டங்களில் ஆடவைத்தது. வருணோ 2021 உலகக் கோப்பையில் ஒரு விக்கெட்டும் இல்லாமல் ஒதுக்கப்பட்டு, மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பி, 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் 3 ஆட்டங்களில் 9 விக்கெட்டுகள் வீழ்த்தினார். இவர்கள் எந்தப் பட்டியலைச் சேர்ந்தவர்கள்? எந்த ஆண்டில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஓர் எதிர்க்கேள்வி நியாயமானது. அணியை நடத்துபவர் பருவம் முடியும்வரை கைகட்டி நிற்க முடியுமா? முடியாது. 2025-இல் சென்னை அணி நடுவில் ஆட்களை மாற்றியதால்தான் 17 வயது ஆயுஷ் மாத்ரேயைப் பார்த்தோம். கடைசி இடம் தப்பவில்லை என்பது வேறு விஷயம். உழவரும் பயிர் செத்த இடத்தில் வேறு நாற்றை ஊன்றுகிறார். நடுவில் மேலுரம் இடுகிறார். முடிவு எடுப்பது அவசியம். ஆனால் முடிவு வேறு, தீர்ப்பு வேறு. 'இந்த ஆட்டத்துக்கு நீ வேண்டாம்' என்பது முடிவு. 'நீ இவ்வளவுதான்' என்பது தீர்ப்பு. முதலாவதற்கு ஏழு ஆட்டங்கள் போதும். இரண்டாவதற்கு ஏழு பருவங்களும் போதா.

என் அண்ணன் மகன் இடக்கைப் பந்து வீச்சாளன். மாசி, பங்குனியில் அறுப்பு முடிந்த வயலில் தாளை மிதித்துச் சமன்செய்து டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு சங்கத்துக்காக ஆடப் போனான். தோல்பந்தும் முறையான ஆடுகளமும் அவனுக்குப் புதிது. மூன்று ஆட்டங்கள், ஒரு விக்கெட். நான்காவது ஆட்டத்திலிருந்து பெயர் இல்லை. காரணம் சொல்வாரும் இல்லை. பருவத்தின் பாதியில் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினான். அவன் வந்திறங்கிய அன்று உறவினர் நடுவே, "நான் அப்பவே சொன்னேன்" என்றேன். "சரி சித்தப்பா" என்று மட்டும் சொன்னான். இப்போது அறுவடை இயந்திரம் ஓட்டுகிறான். சங்கம் எடுத்தது ஒரு முடிவு. அது தவறாகவும் இருக்கலாம், சரியாகவும் இருக்கலாம். தீர்ப்பு எழுதியவன் நான். அவன் தோல்பந்தை மறுபடி தொடாததற்கு அந்தச் சங்கத்தைவிட என் அந்த ஒற்றை வாக்கியம் கூடுதல் காரணமோ என்ற ஐயம் இன்றும் என்னை விட்டபாடில்லை.

நடராஜன் 2023-இல் தன் சின்னப்பம்பட்டியில் சொந்தமாக ஒரு கிரிக்கெட் மைதானத்தைத் திறந்தார். மூன்று கோடி வீண் என்று நாங்கள் எழுதிய கணக்கில் இது எந்தப் பக்கம் வரும் என்று யோசித்துப் பார்த்தேன். வரவு வைக்க என்னிடம் பத்தி இல்லை.

அடுத்த சித்திரையிலும் பட்டியல்கள் வரும். படிப்போம், வாதிடுவோம், அதில் தவறில்லை. ஆனால் 'ஏமாற்றம்' என்ற தலைப்பின்கீழ் ஒரு பெயரை எழுதுமுன் நட்டு எத்தனை நாளாயிற்று என்று ஒரு தரம் கேட்டுக்கொள்வோம். வருகிற மாசியில் அண்ணன் மகனோடு வயலுக்குப் போவதாக இருக்கிறேன். ஒரு தோல்பந்து வாங்கி வைத்திருக்கிறேன்.