காயமுற்ற படைவீரரும் திறந்த வெளியும்: பாதுகாப்புத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்



போரிலும் எல்லைக் காவலிலும் உறுப்பிழந்த, முதுகுத்தண்டு சிதைந்த வீரர்களுக்கு இந்திய அரசு இதுவரை செய்துள்ள பணி சிறிதன்று. புணேயில் 1944-இல் தொடங்கப்பட்ட செயற்கை உறுப்பு மையமும், 1974-இல் அந்நகரின் கிர்க்கிப் பகுதியில் அமைந்த கீழுடல் செயலிழந்தோர் மறுவாழ்வு மையமும், 2003 முதல் நடைமுறையில் உள்ள முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டமும் பல்லாயிரம் குடும்பங்களைத் தாங்கி நிற்கின்றன. ஆயினும் அறுவைப் புண் ஆறி, செயற்கைக் கால் பொருத்தப்பட்டு, ஓய்வூதிய ஆணையும் கைக்கு வந்து சேர்ந்த பிறகு அந்த வீரரின் நாள்கள் எவ்வாறு கழிகின்றன என்ற கேள்வி பெரும்பாலும் அவருடைய குடும்பத்தின் தலையிலேயே விடப்படுகிறது. ஆறு, ஏரி, மலை, கடற்கரை ஆகிய திறந்த வெளிகளில், தம்மைப் போலவே காயமுற்றவர்களுடன் சேர்ந்து செய்யும் முறையான பொழுதுபோக்குப் பயிற்சி மறுவாழ்வின் ஓர் அங்கமாக ஏற்கப்பட வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை.

பட்டாளத்து வாழ்வில் தனிமைக்கு இடமில்லை. உண்பதும் உறங்குவதும் காவல் நிற்பதும் கூட்டத்தோடுதான். ஒருவரின் உயிர் மற்றவரின் விழிப்பைப் பொறுத்தது என்பது பயிற்சியின் முதல் நாளிலிருந்து உடலில் ஏற்றப்படும் பாடம். கண்ணிவெடியில் காலை இழந்து, மெடிக்கல் போர்டு ஆகி, அதாவது படைப்பணிக்கு இனி உடல்தகுதியில்லை என மருத்துவக் குழுவால் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்புகிறவர் காலோடு அந்தக் கூட்டத்தையும் இழக்கிறார். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு படைவீரர் உள்ள ஊர்கள் சில உண்டு. ஏனைய ஊர்களில், நடுஇரவில் திடுக்கிட்டு விழித்தெழுவது என்ன என்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்ளக்கூடிய இன்னொருவர் பக்கத்துத் தெருவில் இருப்பது அரிது. கொடிய நிகழ்வு முடிந்து பல மாதங்கள் ஆன பின்னும் அதன் நினைவு உடலை உலுக்கி, உறக்கத்தைக் கெடுத்து, நெருங்கியவர்களிடமிருந்தே ஒருவரை விலக்கிவிடும் நிலையை மருத்துவர்கள் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் என்பர். இதற்கு மருந்தும் உளச் சிகிச்சையும் இன்றியமையாதவை; ஆனால் ஆலோசகரின் அறைக்குள் நுழைவதையே இழுக்காகக் கருதும் ஒருவரை அந்த வாசல் வரை அழைத்துவர, ஏற்கெனவே அதனுள் சென்று திரும்பிய சக வீரரைவிடத் தகுதியானவர் வேறு எவருமில்லை.

காயமுற்ற வீரரைப் படுக்கையிலிருந்து மைதானத்துக்குக் கொண்டுவந்த முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயமுற்றவர்களுக்குச் சிகிச்சையளித்த லுட்விக் குட்மன் 1948-இல் நடத்திய வில்வித்தைப் போட்டியே இன்றைய பாராலிம்பிக்கின் வித்து. 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டுகள் துளைத்த இந்தியப் படைவீரர் முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். 2002-இல் கண்ணிவெடியில் காலிழந்த ஹோகாடோ செமா, 2024-இல் பாரிஸில் குண்டு எறிதலில் வெண்கலம் பெற்றார். இவர்களின் பெருமை நாட்டின் பெருமை. எனினும் பதக்கம் மிகச் சிலருக்கே உரியது. போட்டியிடும் விருப்பமோ வயதோ இல்லாத எஞ்சிய பெரும்பாலோருக்கும் வெயிலும் காற்றும் தோழமையும் தேவைப்படுகின்றன.

இவ்வகையில் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் நிகழ்ந்தது கூர்ந்து நோக்கத்தக்கது. அங்கு அறுவைக்குப் பின் தேறிவந்த ஓய்வுபெற்ற கடற்படைக் கேப்டன் எட் நிக்கல்சன், இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் காயமுற்று வந்திருந்த இளைஞர்களுக்கு 2005-இல் மருத்துவமனைப் புல்வெளியிலேயே தூண்டில் வீசக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அது இறகும் நூலும் கொண்டு கட்டிய பொய்ப்பூச்சியை இரையாகக் காட்டி மீன் பிடிக்கும் முறை. பொய்ப்பூச்சியைக் கட்டுவதே தனிக் கலை: சிறு முள்ளை இடுக்கியில் பொருத்தி, நூலைச் சுற்றிச் சுற்றி இறகை அதன்மேல் இறுக்க வேண்டும், பிடி தளர்ந்தால் இறகு நழுவிவிடும், மிகுந்தால் நூல் அறுந்துவிடும். நரம்பு பாதிக்கப்பட்ட விரல்களுக்கு இதைவிடப் பொறுமையான பயிற்சியாளர் கிடைப்பது கடினம். மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு முள்ளில் கண்ணைப் பதித்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. ஆகவே நேருக்கு நேர் கேட்டால் வராத பேச்சு அங்கே தானாக வருகிறது. இந்தத் தூண்டில் பயிற்சிக்கு ஓராண்டு முன்னர் அதே மருத்துவமனையில் காயக் எனப்படும் குறுகிய துடுப்புப் படகுப் பயிற்சியும் தொடங்கியிருந்தது. நீர்மட்டத்தை ஒட்டி அமர்ந்து, தோளாலும் இடுப்பாலும் செலுத்தும் அப்படகில் காலில்லாதவர் பின்தங்க வேண்டியதில்லை. இரண்டு முயற்சிகளும் மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே நாடு முழுவதும் பரவின. அந்நாட்டு முன்னாள் படைவீரர் துறை 1987 முதல் உடற்குறையுற்ற முன்னாள் வீரர்களுக்கான பனிச்சறுக்கு முகாமை நடத்திவருகிறது. படைவீரர் நலனுக்குத் திறந்தவெளிகளைப் பயன்படுத்துவது பற்றி ஆராய ஒரு பணிக்குழுவை அமைக்க 2020 டிசம்பரில் அங்கே சட்டமும் இயற்றப்பட்டது.

இந்தியாவில் இதற்கான துணிவுக்குக் குறைவில்லை. சிறப்புப் படைகளிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் உருவாக்கிய கிளா என்னும் அமைப்பின் பயிற்சியில், மாற்றுத்திறனாளிகள் எண்மர் 2021-இல் சியாச்சின் பனியாற்றில் 15,632 அடி உயரத்திலுள்ள குமார் காவல்நிலை வரை சென்று சாதனை படைத்தனர். இத்தகைய சாதனைகள் உடற்குறை பற்றிய பொதுக்கருத்தை உடைக்கின்றன. அவற்றைக் குறைத்து மதிப்பிடுவது நன்றியின்மையாகும். ஆனால் சிகிச்சை என்ற அளவில் பார்த்தால், ஒரே ஒருமுறை ஏறும் பெருஞ்சிகரத்தைவிட வாரந்தோறும் போகும் சிறு ஏரியே மேலானது. சில நாள் முகாம் முடிந்ததும் தெரியும் மனத்தெளிவு எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதற்கான சான்றுகள் உலகெங்கும் இன்னும் வலுப்பெறவில்லை. அடுத்த வாரமும் அதே ஏரிக்கரையில் அதே தோழர்கள் காத்திருப்பார்கள் என்ற உறுதியே ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்பும்.

அந்த உறுதியைத் தரப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. கிர்க்கி மறுவாழ்வு மையத்துக்கு அருகே, முளா ஆற்றுக்கு அப்பால், அடுத்த ரயில் நிலையமான தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. நாட்டின் தலைசிறந்த துடுப்புப் படகு வீரர்கள் பயிலும் ராணுவ மையம் அங்கேதான் உள்ளது. 2015-இல் கண்ணிவெடியில் காலிழந்த கொங்கனபள்ளி நாராயணா படகோட்டக் கற்று, பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியாவுக்காகத் துடுப்பு வலித்தார். ஒருவருக்குச் சாத்தியமானதைச் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் மற்றவர்களுக்கும், பதக்க நோக்கமின்றி, வாரத்தில் ஒரு காலைப்பொழுதாவது திறந்துவிட முடியும். தமிழ்நாட்டில் குன்னூரை அடுத்த வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையமும் ராணுவ மருத்துவமனையும் நீலகிரிச் சரிவுகளும் ஒரே இடத்தில் அமைந்துள்ளன. மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. சலுகை விண்ணப்பம் பெறும் அவ்வலுவலகங்கள், ஒரே வகைக் காயமுற்றவர்களை ஒருவருக்கொருவர் அவர்களின் இசைவோடு அறிமுகப்படுத்தும் பணியையும் ஏற்க இயலும்.

எச்சரிக்கைகளும் உண்டு, அவற்றை நல்லெண்ணம் மட்டும் ஈடுசெய்யாது. முதுகுத்தண்டின் மேற்பகுதியில் காயமுற்றவருக்குக் காயத்துக்குக் கீழே உடல் சரியாக வியர்க்காது. ஆகவே இந்திய வெயிலில் அவர் உடல்வெப்பம் விரைந்து ஏறும். உணர்ச்சியற்ற தோல் படகின் கடினமான இருக்கையில் அழுந்திப் புண்ணானாலும் அவருக்குத் தெரியாது. செயற்கைக் காலின் கிண்ணத்துக்குள் வியர்வை தேங்கினால் எஞ்சிய காலின் தோல் உரியும். வெடியோசையில் மிரண்ட மனத்துக்கு எந்த இடம் ஏற்றதல்ல என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். எனவே ஒவ்வொரு குழுவிலும் இயன்முறை மருத்துவர் ஒருவரும், தோழமை வழிகாட்டி எனப்படும், அதே காயத்தைக் கடந்துவந்து முறையான பயிற்சி பெற்ற சக வீரர் ஒருவரும் இருத்தல் வேண்டும். அவ்வழிகாட்டிக்கு ஊதியமும் வழங்கப்பட வேண்டும், ஏனெனில் பிறர் துயரைச் சுமப்பதும் வேலையே.

ஆகவே மாண்புமிகு அமைச்சர் அவர்கள், திறந்தவெளிப் பயிற்சியையும் தோழமை வழிகாட்டலையும் மறுவாழ்வுச் சிகிச்சையாக அங்கீகரித்து, போக்குவரத்துச் செலவு உள்ளிட்ட நிதியை ஆண்டு ஒதுக்கீட்டிலேயே சேர்த்து, கிர்க்கியிலும் வெலிங்டனிலும் முதற்கட்டமாக இதைத் தொடங்க ஆணை பிறப்பிக்க வேண்டும். தாபோடியில் படகுகள் ஏற்கெனவே நீரில் இருக்கின்றன.