பண்ணைக் குறிப்புகள் - 7: தோல் சட்டை

மக்களே, போன வாரம் குறிப்பு வரலை. காரணம் தூக்கம். அதாவது, தூக்கமே இல்லாதது.

இங்க வேல்ஸ்ல செம்மறி குட்டி போடற காலம். சினைக்காலம் சுமார் 147 நாள். நவம்பர் 5-ம் தேதி கிடாவை உள்ள விட்டா ஏப்ரல் 1-ம் தேதி வாக்குல குட்டி வர ஆரம்பிக்கும்னு கணக்கு. ஆடுங்க காலண்டர் பார்க்கறதில்லையே, ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. ஈஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போக காசில்லாத அடியேனுக்கு ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் கொட்டகை டூட்டி. ஒரே ஆறுதல், மார்ச் கடைசி ஞாயிறு விடிகாலைல கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வச்சதுல ஒரு மணி நேர டூட்டி மிச்சம் :-)

பண்ணைக்கார பெரியம்மாவுக்கு (நேர்ல பேர் சொல்லித்தான் கூப்பிடணும், மனசுக்குள்ள பெரியம்மா) எழுபது வயசு. அன்னிக்கு மூணு ராத்திரி முழிச்சிருந்துட்டு அப்பதான் படுத்தாங்க. ஏதாவதுன்னா எழுப்புன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க.

ரெண்டு மணிக்கு 34-ம் நம்பர் ஆடு முக்க ஆரம்பிச்சுது. ஒழுங்கா வந்தா முதல்ல ரெண்டு முன்னங்கால், அதுக்கு மேல மூக்கு. இங்க தலை மட்டும் வெளிய. கால் ரெண்டும் உள்ள மடங்கியிருக்கு. பெரியம்மா செய்யறதை நாலு தடவை பார்த்திருக்கேன், கை விட்டதில்லை. பாவம் தூங்கட்டும், தானா வந்துடும்னு நின்னேன். அரை மணி நேரம். தலை வீங்கி நாக்கு நீலமாச்சு. அப்புறம்தான் ஓடிப் போய் கதவைத் தட்டினேன்.

அவங்க வந்து குட்டியை உள்ள தள்ளி, காலை நிமித்தி, வெளிய எடுத்தாங்க. உசுரு இல்லை. நல்ல பெரிய ஒத்தைக்குட்டி. திட்டலை. "அடுத்த தடவை எழுப்பு. நான் தூங்கறேன்னு ஆடு காத்திருக்காது" அவ்வளவுதான். திட்டியிருந்தா தேவலாம்.

அப்புறம் கத்தியை எடுத்தாங்க. செத்த குட்டியோட தோலை ஸ்வெட்டர் மாதிரி உரிச்சு, காலுக்கு நாலு ஓட்டை, வாலை மட்டும் விட்டு வச்சாங்க. அன்னிக்கு சாயங்காலம் ஒரு ஆடு மூணு குட்டி போட்டிருந்துது. ஆட்டுக்கு காம்பு ரெண்டுதான், மூணாவது பல சமயம் நோஞ்சானாத்தான் கிடக்கும். சீம்பால் குடிச்ச அந்த மூணாவதுக்கு தோலை மாட்டி 34 பக்கத்துல விட்டாங்க. அது வால் பக்கம் மோந்து பார்த்துது. ஒரு தடவை முட்டித் தள்ளுச்சு. திரும்ப மோந்துது. தொண்டைக்குள்ள மெல்ல உறுமுற மாதிரி, குட்டிக்கு மட்டுமே குடுக்கற ஒரு குரல் இருக்கு. அது வந்ததும் பெரியம்மா கத்தியைத் துடைச்சுட்டு படுக்கப் போயிட்டாங்க.

எனக்கு எங்க அப்பத்தா வீடு ஞாபகம் வந்துடுச்சு. கன்னு செத்தா தோல்ல வைக்கோல் அடைச்சு பசு முன்னாடி நிறுத்துவாங்க, பால் சுரக்கணுமே. பசு அந்த வைக்கோலை நக்கிட்டே நிக்கும், அப்பத்தா கறப்பாங்க. சின்ன வயசுல எனக்கு அந்தப் பாலே இறங்காது. இங்கயும் அதே ஏமாத்துதான், குடிக்கறது ஒரு குட்டிங்கறதுதான் வித்தியாசம். அதனால பெட்டரான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை. அப்பத்தாவும் வேற வழியில்லாமத்தான் செஞ்சாங்க.

(நடுவுல ஒரு விஷயம்: கர்ப்பமா இருக்கறவங்க இந்தக் கொட்டகைப் பக்கமே வரக்கூடாது. ஈன்ற ஆட்டுகிட்ட இருந்து கருவைக் கலைக்கற கிருமி தொத்தும். என் துணியைக்கூட தனியாத்தான் துவைக்கறேன்.)

மூணாம் நாள் தோல் நாற ஆரம்பிச்சதும் வெட்டி எடுத்தோம். 34 மோந்து பார்த்துது. ஒரு நிமிஷம் யோசிச்சுது. குட்டி பாட்டுக்கு உள்ள பூந்து வாலை ஆட்டிக்கிட்டு குடிச்சுது. ரெண்டு பேர் முதுகுலயும் 34-ன்னு நீலப் பெயிண்ட் அடிச்சு புல்வெளிக்கு விட்டாச்சு.

நேத்து ராத்திரி மட்டும் பெரியம்மாவை நாலு தடவை எழுப்பிட்டேன். அதுல மூணு சும்மா. நாலாவதுக்கு அவங்க வாசல்லயே நின்னுகிட்டு, "நீயே கை விடு" ன்னாங்க.

விட்டேன். ரெட்டைக்குட்டி. மணி ஒம்பதரை ஆச்சு, பூட்ஸ் இன்னும் காயலை, கிளம்பறேன்.