ஒனிட்சாவுக்கு வாணிகம் கற்பித்தவர் யார்?

ஆபிரிக்கனுக்கு வாணிகம் கற்பித்தவன் வெள்ளையன் என்ற பொய்க்கு வயது நூறைக் கடந்துவிட்டது. இன்னும் அதற்குச் சாவு வரவில்லை. கற்றோர் வாயிலும் அது கேட்கிறது. நைஜீரியாவின் ஒனிட்சாச் சந்தையில் இப்பொய்யை நிறுத்துப் பார்ப்போம்.

நைஜர் நதியின் கிழக்குக் கரையில், அனாம்பிரா ஆறு வந்து கலக்கும் இடத்துக்கு அண்மையில் உள்ளது இவ்வூர். வடக்கேயிருந்து இகாலா மக்களின் தோணிகள் வந்தன. தெற்கே கழிமுகத்திலிருந்து உப்பு வந்தது. கிழக்கு நாட்டுப்புறத்தார் வள்ளிக்கிழங்கும் செம்பனை எண்ணெயும் கொணர்ந்தனர். பெண்களே சந்தையின் உயிர்நாடி; ஓமு என்னும் அவர்தம் தலைவி சந்தை ஒழுங்கைப் பேணினாள். இக்போ மக்களின் வாரத்துக்கு நாட்கள் நான்கே: எக்கே, ஒரியே, அஃபோ, என்குவோ. நான்கும் சந்தை நாட்கள். காலத்தையே சந்தையால் அளந்த மக்களுக்கு வியாபாரம் கற்பிக்க வந்தார்களாம்!

அந்நாட்டுச் சந்தைகளில் மனிதரும் விலைபோயினர். அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அம்மனிதரை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஏற்றிச்சென்ற கப்பல்களில் பிரித்தானியக் கொடியும் பறந்தது.

1857-இல் மிஷன் வந்தது. அதை நிறுவிய சாமுவேல் அஜயி குரோதர், தாமே இளமையில் அடிமையாக விற்கப்பட்ட ஆபிரிக்கர். கூடவே பிரித்தானிய வணிகரின் பண்டகசாலையும் வந்தது. பேரம் முற்றிப் பகையானபோது, 1879-இல், பிரித்தானியப் போர்க்கப்பல் ஒனிட்சாவைப் பீரங்கியாற் சுட்டது, ஊர் தீக்கிரையாயிற்று. இதுவே அவர்கள் நடத்திய முதற் பாடம்.

அவ்வாண்டிலேயே ஜார்ஜ் கோல்டி, நைஜரில் தம்முள் போட்டியிட்ட பிரித்தானியக் கம்பனிகளை ஒன்றாக இணைத்தார். வாங்குவோர் பலராயின் எண்ணெய்க்கு விலை ஏறும், ஒருவனேயாயின்? நைஜரில் எல்லோருக்கும் தடையற்ற கப்பற் போக்குவரத்து என்று 1885-இல் பெர்லின் மாநாடு முழங்கியது. மறு ஆண்டு கம்பனிக்கு அரச பட்டயம் கிடைத்தது. தீர்வை, நீதிமன்றம், படை எல்லாம் கம்பனியுடையவை! கழிமுகத்துப் பிராஸ் மக்கள் தம் பழைய சந்தைகளிலிருந்தே விரட்டப்பட்டனர். 1895-இல் அவர்கள் அக்காசாவிலிருந்த கம்பனி நிலையத்தைத் தாக்கினர். பிரித்தானியப் படை அவர்களின் ஊரை அழித்து விடையிறுத்தது. சுதந்திர வாணிகம் என்பதன் பொருள் அதுதான்.

1900-இல் பிரித்தானிய அரசு கம்பனியின் ஆட்சியுரிமைகளை 8,65,000 பவுணுக்குப் பொறுப்பேற்றது. போதாதென்று, வடபகுதியின் ஒரு பெரும்பரப்பில் அகழப்படும் கனியங்களின் உரிமைப்பணத்தில் பாதியும் 99 ஆண்டுகளுக்குக் கம்பனிக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. நிலத்துக்குரியவர்களை எவரும் விலை கேட்கவில்லை.