படித்தவர் வாயில் இந்தப் பேச்சா?

வில்லியனூரிலோ, பாகூரிலோ தேர்தல் கூட்டம் நடந்தால், மேடைக்கு முன்னால் நிற்கிறவர்கள் மட்டும் அதைக் கேட்பதில்லை. ஒலிபெருக்கிக் குழாயைத் தெருக் கம்பத்தில் கட்டிவிடுகிறார்கள். பேச்சு வீட்டுக்குள்ளேயே வருகிறது.

அடுப்படியில் சோறு வடிக்கிற பெண் கேட்கிறாள். திண்ணையில் பாடம் படிக்கிற பையன் கேட்கிறான். கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிற கிழவர் கேட்கிறார். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதுவரை கேட்கத்தான் வேண்டும். காதுக்குக் கதவு கிடையாது.

பேச்சாளர் பாகூர் ஏரியைப் பற்றிப் பேசினால் நல்லது. ஊசுட்டேரியைப் பற்றிப் பேசினால் நல்லது. கரும்புக்கு விலை, நெல்லுக்கு விலை, பஸ் வசதி என்று பேசினால் கிழவர் எழுந்து உட்கார்ந்துகூடக் கேட்பார். ஆனால் நடுவில் ஒரு வார்த்தை வந்து விழுகிறது. எதிர்க்கட்சிக்காரரின் தாயைப் பற்றிய வார்த்தை. அல்லது மனைவியைப் பற்றிய வார்த்தை.

மேடைக்கு முன்னால் கைதட்டல். திண்ணையில் பையன் தலையைத் தூக்குகிறான்.

"அம்மா, அப்படியென்றால் என்ன?"

அம்மா என்ன பதில் சொல்லுவாள்?

பட்டிக்காட்டுப் பேச்சா?

யாராவது கெட்ட வார்த்தை பேசினால், "பட்டிக்காட்டான்", "படிக்காதவன்" என்று சொல்லிவிடுவது வழக்கம். கிராமத்தின் தலையில் பழியைப் போட்டுவிடுகிறார்கள்.

கிராமத்தில் கெட்ட வார்த்தையே கிடையாது என்று யாரும் சாதிக்கமாட்டார்கள். வாய்க்கால் தகராறில் வரும். வரப்புச் சண்டையில் வரும். சாராயக்கடை வாசலில் வரும். (புதுச்சேரியில் சாராயக்கடைக்கா பஞ்சம்!) ஆனால் அங்கேயும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பெண்கள் குடத்தோடு வருவது தெரிந்தால், "பொம்பளைங்க வராங்கடா, வாயை மூடு" என்று கூட இருப்பவன் அடக்குவான். கோவில் வாசலில் பேசமாட்டான். பிள்ளைகள் நிற்கிற இடத்தில் பேசமாட்டான். தவறிப் பேசிவிட்டால் மறுநாள் பெரியவர்கள் முகத்தில் விழிக்கக் கூசுவான்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத கிழவிக்கும், எந்த இடத்தில் எதைப் பேசலாம் என்று தெரியும்.

அப்படியானால் மேடையில் பேசுகிறவர்கள் யார்?

பேராசிரியர், வக்கீல்!

வில்லியனூர் வழியாகப் போகிற சாலை விழுப்புரத்துக்குப் போகிறது. அந்த விழுப்புரத்து அரசியல்வாதி க.பொன்முடி. கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். டாக்டர் பட்டம் பெற்றவர். தமிழ்நாட்டில் உயர்கல்வி மந்திரியாக இருந்தவர். 2025 ஏப்ரலில் அவர் வனத்துறை மந்திரி. ஒரு கூட்டத்தில் அவர் ஒரு கதை சொன்னார். சைவ, வைணவச் சின்னங்களை ஒரு விலைமாதோடு முடிச்சுப்போட்ட கதை. குடும்பத்தார் படிக்கிற பத்திரிகையில் அதை அச்சிட முடியாது.

நாடே கண்டித்தது. அவருடைய கட்சியான தி.மு.க.வின் கனிமொழி எம்.பி.யும் கண்டித்தார். ஏப்ரல் 11-ந்தேதி, அவருடைய கட்சித் துணைப் பொதுச்செயலாளர் பதவி பறிக்கப்பட்டது. அவர் மன்னிப்புக் கேட்டார். சென்னை ஐகோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஏப்ரல் 27-ந்தேதி மந்திரி பதவியும் போயிற்று. ஆனால், அதே ஆண்டு நவம்பரில், பறித்த கட்சிப் பதவியைக் கட்சி திரும்பக் கொடுத்துவிட்டது!

இன்னொரு விழுப்புரத்துக்காரர், அ.தி.மு.க.வைச் சேர்ந்த சி.வி.சண்முகம். சட்ட மந்திரியாக இருந்தவர். 2025-ல் தேர்தல் இலவசங்களைக் கேலி செய்தார். மிக்சி, கிரைண்டர், ஆடு, மாடு என்று அடுக்கிக்கொண்டே போய், மனைவியையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்!

ஆ.ராசாவும் சட்டம் படித்தவர். மத்திய மந்திரியாக இருந்தவர். 2021 சட்டசபைத் தேர்தலில் அவர் சென்னையில் பிரசாரம் செய்தார். தி.மு.க. தலைவர் மு.க.ஸ்டாலினையும், அப்போதைய முதல்-மந்திரி எடப்பாடி பழனிசாமியையும் ஒப்பிட்டார். ஒப்பிட்டது ஆட்சியை அல்ல, பிறப்பை. பழனிசாமியின் தாயார் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவர் பிரசார வேனில் நின்றுகொண்டு கண் கலங்கினார். ராசா மன்னிப்புக் கேட்டார். தேர்தல் கமிஷன் அவரை 48 மணி நேரம் பிரசாரம் செய்யக்கூடாது என்று தடுத்தது.

இது தமிழ்நாட்டு வியாதி மட்டும் அல்ல. டெல்லியில் ரமேஷ் பிதுரி என்ற பா.ஜனதா தலைவர், 2023 செப்டம்பரில் பாராளுமன்றத்துக்குள்ளேயே, முஸ்லிம் எம்.பி. ஒருவரை மதத்தைச் சொல்லி ஏசினார். சபைக் குறிப்பில் இருந்து அந்தச் சொற்களை நீக்கவேண்டியதாயிற்று. 2025 ஜனவரியில், தன் தொகுதிச் சாலைகளை பிரியங்கா காந்தியின் கன்னம் போல் ஆக்குவேன் என்று பேசி, பிறகு வருத்தம் தெரிவித்தார். அடுத்த மாதம் நடந்த தேர்தலில் அவரைத் தோற்கடித்தது ஆதிஷி என்ற பெண்.

கட்சி வெவ்வேறு. கொடி வெவ்வேறு. ஆனால் எல்லோரும் படித்தவர்கள், பதவி பார்த்தவர்கள். ஆகவே, கெட்ட பேச்சுக்குக் காரணம் படிப்பு இல்லாமை அல்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பாகூர் விவசாயி இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

அடி யாருக்கு?

இந்தச் சம்பவங்களைத் திரும்ப ஒரு தடவை பார்த்தால் ஒன்று தெரியும். சண்டை பெரும்பாலும் இரண்டு ஆண்களுக்குள்ளே. அடி விழுவது பெண்ணுக்கு.

பழனிசாமியின் தாயார் எந்தத் தேர்தலில் நின்றார்? இலவசப் பட்டியலில் சேர்க்கப்பட்ட "மனைவி" யார்? மேடையில் அவர்கள் இல்லை. பதில் சொல்ல அவர்கள் கையில் மைக் இல்லை. கூட்டத்தில் இருக்கிற ஆண்கள் சிரிக்கிறார்கள். அந்த ஆண்களின் மனைவிகளும் அம்மாக்களும் வீட்டுக்குள் இருந்து சிரிப்புச் சத்தத்தைக் கேட்கிறார்கள்.

கைதட்டும் கைகள்

பேச்சாளர் மட்டுமா குற்றவாளி? சிறிய கூட்டங்களில் தலைவர் வருவதற்கு முன்பு, கூட்டத்தைப் பிடித்து வைக்க ஒரு மேடைப் பேச்சாளரை ஏற்றுவார்கள். அவர் சிரிக்க வைக்க வேண்டும். கொச்சையாகப் பேசினால் சீக்கிரம் சிரிப்பார்கள். தலைவர் வந்து, ஒன்றும் தெரியாதவர் போல் மாலை வாங்கிக்கொள்வார்!

இப்படிப்பட்ட பேச்சாளர் ஒருவர் சிவாஜி கிருஷ்ணமூர்த்தி. கவர்னரை ஏசியதற்காக 2023 ஜனவரியில் தி.மு.க. அவரைத் தற்காலிகமாக நீக்கியது. பிறகு சேர்த்துக்கொண்டது. ஜூன் மாதம் கவர்னரையும் நடிகை குஷ்புவையும் மறுபடி இழிவாகப் பேசினார். அப்போதுதான் அடியோடு நீக்கினார்கள். போலீசாரும் கைது செய்தார்கள். முதல் தடவையே கதவைச் சாத்தியிருந்தால், இரண்டாவது பேச்சு நடந்திருக்குமா?

இப்போது செல்போன் வேறு வந்துவிட்டது. ஒரு மணி நேரம் ஏரி, குளம், வாய்க்கால் என்று பேசியதை யாரும் அனுப்புவதில்லை. அரை நிமிஷக் கெட்ட பேச்சு மட்டும் காலைக்குள் ஊர் ஊராகப் போய்விடுகிறது. கண்டிப்பதற்காக அனுப்புகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்களும் அனுப்புகிறார்கள்! பெயர் பரவினால் போதும் என்று நினைக்கிறவருக்கு அது லாபம்தானே?

பழைய காலம் பொற்காலமா?

"அந்தக் காலத்தில் தலைவர்கள் எல்லாம் தங்கம்" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. முழுக்க நம்பவேண்டியதில்லை. பிரெஞ்சு ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் புதுச்சேரி அரசியலில் அடிதடியும் கலவரமும் இருந்தன. 1989 மார்ச் 25-ந்தேதி தமிழ்நாடு சட்டசபையில் நடந்த அமளியை யாரும் மறக்கவில்லை. தன் சேலையைப் பிடித்து இழுத்தார்கள் என்று அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா புகார் சொன்னார். ஆளும் கட்சி மறுத்தது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. பெரியாரும் ராஜாஜியும் அரசியலில் எதிரும் புதிருமாக நின்றவர்கள். பெரியார் காரசாரமாகப் பேசுவார். கேட்பவர் முகம் சிவக்கும். ஆனால் சின்னப் பையனைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் அழைப்பார். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, 90 வயதைத் தாண்டிய பெரியார் வந்து அழுதார். கொள்கைச் சண்டை வேறு, மனிதனுக்கு மனிதன் உள்ள மரியாதை வேறு என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

வில்லியனூர் கொம்யூனுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. கீழூர், அந்தக் கொம்யூனைச் சேர்ந்த சின்ன ஊர். 1954 அக்டோபர் 18-ந்தேதி, மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடினார்கள். இந்தியாவோடு இணைவதா, வேண்டாமா என்று ஓட்டுப் போட்டார்கள். இணையவேண்டும் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர். அந்த 8 பேரும் அதே இடத்துக்கு வந்து, தங்கள் ஓட்டைப் போட்டார்கள். நவம்பர் 1-ந்தேதி நிர்வாகம் கைமாறியது. ஒரு நாடு எந்த நாட்டோடு சேருவது என்பதைவிடப் பெரிய சண்டை உண்டா? அது 178 ஓட்டில் தீர்ந்தது.

அதே புதுச்சேரியில், 2018 அக்டோபர் 2-ந்தேதி, காந்தி பிறந்த நாள் அன்று, ஓர் அரசு விழா. அ.தி.மு.க. எம்.எல்.ஏ. அன்பழகன் பேசிக்கொண்டிருந்தார். நேரம் கடந்துவிட்டது. மைக் நிறுத்தப்பட்டது. அவருக்கும் துணைநிலை கவர்னர் கிரண்பேடிக்கும் மேடையிலேயே வாக்குவாதம். நீங்கள் போங்கள் என்று அவர் சொல்ல, இவர் சொல்ல, நாடெங்கும் டெலிவிஷனில் வேடிக்கை பார்த்தார்கள். கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. ஆனால் சபை மரியாதை எங்கே போயிற்று?

மகளை அனுப்புவார்களா?

இதில் கிராமத்துக் குடும்பங்களுக்கு ஒரு பெரிய நஷ்டம் இருக்கிறது.

புதுச்சேரி வட்டாரத்தில் வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என்று 5 கொம்யூன் பஞ்சாயத்துகள். 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2006-ல்! 38 ஆண்டு இடைவெளி. 2006-ல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதற்குப் பிறகு பத்து ஆண்டு கழித்து, 2021-ல் தேர்தல் அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டு வழக்கில் அதுவும் நின்றது.

பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தால், மூன்றில் ஒரு பங்கு இடமாவது பெண்களுக்குத் தரவேண்டும் என்பது அரசியல் சட்டம். அப்படி வருகிற பெண் யார்? சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறவள். பிளஸ்-டூ படித்துவிட்டு வீட்டில் இருக்கிறவள். தெருக்குழாயில் தண்ணீர் வராத வருத்தம் தெரிந்தவள். பஞ்சாயத்துக்கு இவளைவிடப் பொருத்தமான ஆள் உண்டா?

அவள் நிற்க ஆசைப்பட்டால், வீட்டில் என்ன சொல்லுவார்கள்?

"உனக்கு எதுக்கும்மா அது? மேடையிலே என்ன பேசறாங்கன்னு கேட்டியா? நாளைக்கு உன்னையும் அப்படித்தான் பேசுவாங்க."

தகப்பன் சொல்வதில் தப்பு கண்டுபிடிக்க முடியுமா? அவர் மகளைத் தடுக்கிறவர் அல்ல; மகளை யாரும் ஏசிவிடக்கூடாது என்று பயப்படுகிறவர். அந்தப் பயத்துக்கு ஒலிபெருக்கிதான் சாட்சி.

2021-ல் புதுச்சேரி சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரில் பெண் ஒரே ஒருவர். காரைக்கால் பக்கத்து நெடுங்காடு தொகுதியின் சந்திரபிரியங்கா. ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்குப் பிறகு புதுச்சேரிக்குக் கிடைத்த பெண் மந்திரி. 2023 அக்டோபரில் அவர் ராஜினாமா செய்தார். சாதி பார்த்தும், பெண் என்று பார்த்தும் தன்னைத் தாக்குகிறார்கள் என்று கடிதத்தில் எழுதினார். அரசியலில் இருந்த ஒரு குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்கே இந்த நிலை!

சட்டம் இல்லையா? இருக்கிறது. வேட்பாளரின் சொந்த வாழ்க்கையை இழுத்துப் பேசக்கூடாது, கொள்கையையும் செயலையும் மட்டும் விமர்சிக்கலாம் என்று தேர்தல் நடத்தை விதி சொல்கிறது. பெண்ணின் மானத்தை இழிவு செய்யும் பேச்சுக்கு, பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தேர்தல் நேரத்தில் செல்போனில் "சி-விஜில்" செயலி வழியாகப் படம் எடுத்து அனுப்பினால், 100 நிமிடத்தில் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று தேர்தல் கமிஷன் ஏற்பாடு செய்திருக்கிறது. அரை நிமிஷப் பேச்சை நண்பர்களுக்கு அனுப்புகிற விரல், அதை அங்கே அனுப்பலாமே!

ஓட்டுக் கேட்டு வரும் நாளும் வருகிறது. கூட்டம் முடிந்த மறுநாள் காலை. தெருவில் மேளம். வேட்பாளர் வாசலில் நின்று கும்பிடுகிறார். "தாயே, உங்கள் வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறேன்" என்கிறார். ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்கிறார்கள்.

ராத்திரி மேடையில் பேசப்பட்டதும் ஒரு தாயைப் பற்றித்தான். ஆரத்தி எடுப்பதற்கு முன்னால், "அந்தப் பேச்சு உங்களுக்குச் சம்மதம்தானா, ஐயா?" என்று ஒரு பெண் கேட்டால், அவர் என்ன பதில் சொல்லுவார்?