ஓர் உம்மையும் பல ஆங்கிலச் சொற்களும்

தமிழ் மாணவரின் ஆங்கிலக் கொப்பிகளிற் சிவப்பு மை மிகுதியாகப் படியும் இடங்கள் இரண்டு. வாக்கியங்களை இணைக்கும் இடைச்சொற்கள் ஒன்று. பெயருக்கு முன்னின்று அதனை வரையறுக்கும் 'ஓல்', 'போத்', 'எவ்ரி', 'எனி' முதலிய சொற்கள் மற்றொன்று. முன்னவற்றைக் 'கொன்ஜங்ஷன்' என்றும் பின்னவற்றை 'டிற்றேமினர்' என்றும் பாடநூல்கள் வெவ்வேறு அத்தியாயங்களிற் கற்பிக்கின்றன. ஆங்கிலேயப் பிள்ளைக்கு அவை வேறு வேறே. தமிழ்ப் பிள்ளைக்கோ இவ்விரு தொல்லைகளும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை. அவ்வேர் நம்முடைய 'உம்' ஆகும்.

'உம்' என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியமும் நன்னூலும் எட்டுப் பொருள் கூறும். நாவலர் அவர்களின் இலக்கணச் சுருக்கம் படித்தோர்க்கு எண்ணும்மை, முற்றும்மை, சிறப்பும்மை என்று மனனஞ் செய்தது நினைவிருக்கும். அந்த மனனம் ஆங்கில வகுப்பிலும் உதவும் என்று சொல்லிக்கொடுப்பார் அரியர்.

'கொப்பியும் பேனையும் பென்சிலும் வாங்கினேன்' என்பது எண்ணும்மை. தமிழிற் பெயர்தோறும் 'உம்' வரும். ஆங்கிலத்தில் இறுதிப் பெயருக்கு முன் ஒரேயொரு 'அன்ட்' போதும். 'தம்பியும் வந்தான்' என்னுமிடத்து அது 'ஓல்சோ' ஆகும். 'குழந்தையும் இதனை அறியும்' எனின் 'ஈவின்'. இவற்றிற் பிழை விடுவோர் குறைவு.

'மழை பெய்தும் அவன் வந்தான்' என்பதிலேதான் வழுக்கல் தொடங்குகிறது. 'ஓல்தோ இற் றெயின்ட், ஹீ கேம்' என்று எழுதி நிறுத்த வேண்டும். மாணவரோ நடுவில் 'பற்' என்றொரு சொல்லையும் நுழைத்துவிடுகின்றனர். இதன் காரணம் கவனக்குறைவன்று என்பது எமது கருத்து. தமிழில் இணைக்கும் 'உம்' முதல் வாக்கியத்தின் ஈற்றில், இரண்டு வாக்கியங்களும் சந்திக்குமிடத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் அது தலைப்பக்கம் போய்விட, நடுவிடம் வெறுமையாகிறது. தமிழ்ச் செவி அவ்வெறுமையைப் பொறாது ஒரு 'பற்' இட்டு நிரப்புகிறது. 'பிகோஸ்' என்று தொடங்கி நடுவில் 'ஸோ' போடுவதும் இதே நோய்தான்.

இனி வரையறுக்கும் சொற்களுக்கு வருவோம். 'இருவரும் வந்தனர்' என்பதில் 'இருவர்' என்னும் எண்ணோடு சேர்ந்த உம்மையே 'போத்' ஆகிறது. 'எல்லோரும்' என்பது 'ஓல்'. 'ஒவ்வொரு மாணவனும்' என்பது 'எவ்ரி ஸ்ரூடன்ற்'. 'எவ்ரி' என்றதும் பலரை நினைந்து 'ஸ்ரூடன்ற்ஸ்' எனப் பன்மை எழுதுதல் தவறு. ஒவ்வொரு மாணவனும் வந்தான் என்று தமிழிலும் ஒருமையன்றோ!

எதிர்மறை வினை வந்தால் நிலைமை மாறிவிடும். 'எந்த மாணவனும் வரலாம்' என்பதற்கு 'எனி'. 'எந்த மாணவனும் வரவில்லை' என்பதற்கு 'நோ'. 'இருவரும் வரவில்லை' என்பதைப் 'போத் டிட் நொற் கம்' என்று எழுதலாகாது; 'நைதர் கேம்' என்பதே சரியான வழக்கு.

எல்லாவற்றிலும் அபாயமானது 'எல்லோரும் வரவில்லை' என்பது. ஒருவரும் வரவில்லையா, சிலர் வந்து சிலர் வரவில்லையா? முற்றும்மை எதிர்மறையோடு சேருங்கால் எச்சப்பொருளும் தரும் என்று நம் இலக்கணகாரர் அன்றே கண்டுகொண்டனர். வெள்ளத்தின் பின் ஒரு கிராமத்தார் சார்பில், படிக்கும் பிள்ளையொருத்தி அரசாங்க அதிபருக்கு ஆங்கிலத்தில் மனு எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'எல்லாக் குடும்பங்களுக்கும் உலருணவு கிடைக்கவில்லை' என்பது ஊரார் சொன்ன வாக்கியம். 'நொற் ஓல் த பமிலீஸ்' என்று தொடங்கினால், சிலவற்றுக்குக் கிடைத்தது, எஞ்சியவற்றுக்கு வேண்டும் என்பது பொருள். 'நன் ஒவ் த பமிலீஸ்' என்று தொடங்கினால் ஒரு குடும்பத்துக்கேனும் கிடைக்கவில்லை. முன்னதைப் படிக்கும் அதிகாரி விடுபட்டோர் பட்டியலைக் கேட்பார். பின்னதைப் படிப்பவர் லொறி முழுவதும் ஏற்றி அனுப்ப வேண்டியவராவார். 'ஓல் த பமிலீஸ் டிட் நொற் றிசீவ்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலோ ஆங்கிலத்திலும் அதே ஐயம் எஞ்சும். ஊர் காத்திருக்க வேண்டியதுதான். ஆதலால் பேனையைத் தொடுமுன் 'ஒரு குடும்பத்துக்காவது கிடைத்ததா?' என்று அவள் ஊராரிடம் தமிழிலே கேட்டறிதல் வேண்டும். அகராதி இங்கே உதவாது.

இவ்வாரப் பயிற்சி: பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் எழுதுக. 'அரசனும் அஞ்சினான்.' 'நாள் முழுதும் உழைத்தும் அவனுக்குக் கூலி கிடைக்கவில்லை.' 'மூவரும் சித்தியெய்தவில்லை.' கடைசி வாக்கியத்துக்கு இரண்டு விடைகள் உண்டு, இரண்டையும் எழுதுக. மூவர் என்பதால் 'நைதர்' அங்கே பொருந்தாது.